பல்லக்கா வளர்த்த பூ

அந்தக் கட்டடத்தில் எந்த மூலையில் என்ன நாறினாலும் பழி மூன்றாம் மாடிக்குத்தான் ஏறும். சாக்கடை அடைத்துக்கொண்டாலும் சரி, யாராவது குப்பையைக் கட்டிவைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தாலும் சரி, மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறுகிறவர்கள் முதலில் சொல்வது, "பல்லக்கா செடி பூத்துடுச்சுபோல" என்பதுதான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பல்லக்கா விஷயத்தில் பாதி நேரம் பாவமும் அங்கேயேதான் இருந்தது. அதனால் அவளால் வாய்விட்டுச் சண்டையும் போட முடியவில்லை.

பல்லக்கா என்றால் பல் செட் செய்கிறவள். டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். அந்த அச்சில் சுண்ணாம்புபோலக் குழைத்த மாவுக்கல் ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, வேகவைத்து, தேய்த்து, மினுக்கி, பெட்டியில் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. வேலை செய்யும் கூடத்தில் முகம் தெரியாத மனிதர்களின் வாய்கள் அலமாரி முழுக்க வெள்ளை வெள்ளையாக அடுக்கியிருக்கும். "ஊர்ல பாதிப்பேரு என் பல்லுலதான் சிரிக்கிறாங்க. என்னப் பாத்து ஒருத்தரும் சிரிக்கிறதில்ல" என்று அவளே சொல்லிக்கொள்வாள். கட்டியவன் வேறு ஊருக்கு வேலைக்குப் போனான், போன இடத்திலேயே இன்னொரு குடித்தனம் போட்டுக்கொண்டான். பிள்ளை இல்லை. கட்டடத்தில் நாய் பூனை வளர்க்கக் கூடாது என்று போர்டு எழுதி மாட்டியிருந்தார்கள். செடியைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

செடி என்றால் ரோஜா, மல்லிகை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அவற்றைக் காட்டினால் உதட்டைப் பிதுக்குவாள். "அழகா இருக்கிறத வளக்க ஊரே இருக்கு. இதுங்களுக்கு யாரு இருக்கா?" என்பாள். அவளுடையது ஒரே ஒரு அறை, ஒரு சமையல் மூலை, ஒரு குளியலறை, ஒருக்களித்து நின்றால் மட்டும் ஆள் கொள்ளும் ஒரு பால்கனி. மாவுக்கல் கலக்கும் பழைய ரப்பர்க் கிண்ணங்களில் கூழாங்கல்லைப் போலவே இருக்கும் கல்செடிகளை வைத்திருந்தாள். பார்க்க வந்த யாரோ ஒருத்தி அதில் ஒன்றைக் கையில் எடுத்து, கல் என்று நினைத்துக் கீழே போட்டாள். அவள் அந்த வீட்டுக்குள் அதோடு சரி. குளியலறை ஜன்னலில் பூச்சி தின்னும் குடுவைச் செடிகள் தொங்கின. அவற்றுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது. மழை பெய்தால் ஊர் குடை பிடிக்கும், இவள் வாளி பிடிப்பாள்.

வம்பு வந்தது பால்கனியில் இருந்த ஒரு சதைச் செடியால். நட்சத்திரம் மாதிரி அழகாகப் பூத்தது. நாற்றம் மட்டும் செத்த எலி. கட்டடத்தின் செக்ரட்டரி ஆள் வைத்துத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தார், சாக்கடை மூடிகளைப் பெயர்த்தார், லிஃப்ட் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கடைசியில் எலியைக் காட்டிக்கொடுத்தது ஈ. வாட்ச்மேன் ஈக்கள் போகும் திசையிலேயே போய்ப் பல்லக்காவின் பால்கனிக்குக் கீழே நின்றான். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது. கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் கூட்டினார்கள். எல்லாச் செடியையும் எடுத்தாக வேண்டும் என்று ஆளுக்கு ஆள் எழுந்து பேசினார்கள்.

அன்றைக்கு அவளுக்காக எழுந்தவர் ஒரே ஒருத்தர், அடுத்த வீட்டுத் தோல்காரர். தோல் பதனிடும் ஆலையில் தொட்டித் தொட்டியாக மருந்துத் தண்ணீருக்கு மேல் குனிந்தே வயதைக் கழித்தவர். அந்த ஆவியில் மூக்கு செத்துப்போய்விட்டது. மனைவியும் போய், தனிக்கட்டை. ஒரே மகள், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தாள்.

"எனக்கு மூக்கு கண்ணாடி மாட்டறதுக்குத்தான் இருக்கு. ஒட்டினாப்புல குடியிருக்கிற நானே சும்மா இருக்கேன், கீழ் மாடிக்காரங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றார். கூட்டம் சிரித்துவிட்டது. சிரித்தபிறகு கோபப்படுவது கஷ்டம். சதைச் செடியை எடுத்துவிடுவது, மற்றதெல்லாம் இருக்கட்டும் என்று முடிந்தது. கூட்டம் கலைந்ததும் அவரிடம் அவள் நன்றியெல்லாம் சொல்லவில்லை. அவருடைய பல் செட் பேசும்போது கடகடவென்று ஆடுவதைக் கவனித்திருந்தாள். வாயைத் திறக்கச் சொல்லி வீட்டிலேயே அச்செடுத்து, புதிதாக ஒன்று செய்து கொடுத்தாள். அதிலிருந்து அவர் அவளுக்கு அண்ணன், அவள் அவருக்குத் தங்கச்சி.

மற்றதெல்லாம் இருக்கட்டும் என்றார்களே, அந்த மற்றதில்தான் கிழங்கு இருந்தது. சேனைக்கிழங்குக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம், ஆனால் கறிக்கு ஆகாது. எலுமிச்சம்பழ அளவில் வாங்கி வந்தது. வருஷத்துக்கு ஒரே ஒரு இலை விடும், குடை மாதிரி விரியும், பிறகு அதுவும் வாடி மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதன் வாழ்நாளில் இலைக்குப் பதில் மொட்டு விடும் வருஷம் என்று ஒன்று வரும். அதற்குத்தான் பல்லக்கா மண் மாற்றி, உரம் போட்டு, கிழங்கை வெளியே எடுத்துக் குழந்தையை எடை பார்ப்பது போலப் பார்த்து, இத்தனை வருஷம் காத்திருந்தாள். அந்தப் பூ விரிந்தால் பிணவாடை வீசும் என்பார்கள். இரண்டு நாள் வீசும், பிறகு தலை சாய்ந்துவிடும். அவ்வளவுதான் அதன் கதை.

இந்த வருஷம் மண்ணைக் கீறிக்கொண்டு வந்தது இலை இல்லை, மொட்டு. பல்லக்கா மறைக்கவில்லை. மடியில் கனம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நேராகச் செக்ரட்டரியிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். தோல்காரரும் கூடவே போய் நின்றதால் ஒரே ஒரு தடவை பூத்துக்கொள்ளட்டும், பூத்து முடிந்ததும் கிழங்கு கட்டடத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். ஆக, அவள் அதைப் பார்க்கப்போவது இந்த ஒரு தடவைதான்.

மொட்டு இடுப்பு உயரத்துக்கு வந்தது. ஈரல் நிறம். தோல்காரர் தினமும் சாயங்காலம் டீ டம்ளரோடு வந்து அதற்கு எதிரில் உட்கார்ந்துகொள்வார். அவருக்கு ஒரு நப்பாசை இருந்தது. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, ஒருநாள் சொல்லியும்விட்டார்.

"ஊரையே ஓடவைக்கிற நாத்தம்னு சொல்றே. அது ஒண்ணாவது எனக்கு எட்டுதான்னு பாக்கணும் தங்கச்சி. அவ போனப்பகூட, அவ புடவைய முகத்துல வச்சுப் பாத்தேன். ஒண்ணுமே தெரியல."

பல்லக்கா எழுந்தாள். டம்ளரை வாங்கிக் கழுவப் போனாள்.

அதற்கு அடுத்த வாரம் மகள் கூப்பிடுகிறாள் என்று வந்து சொன்னார். "நாலு நாள் இருந்துட்டு வரேன். காலைல கிளம்பறேன். நான் வரதுக்குள்ள இவன் விரிஞ்சுட மாட்டானே?"

"இவன் யாருக்காகவும் காத்திருக்க மாட்டாண்ணா. நீங்க வரும்போது தலை தொங்கிப் போயிருப்பான்."

"அப்ப நான் இத்தன நாள் காவல் இருந்தது?"

"யாரு இருக்கச் சொன்னா? போயிட்டு வாங்க, போட்டோ எடுத்து வைக்கிறேன்."

"நாத்தத்தையும் போட்டோ எடுப்பியா?" என்று சிரித்தார். அவள் செய்த பல், வரிசை தப்பாமல் சிரித்தது. வழியில் வாட்ச்மேனிடமும் செக்ரட்டரியிடமும் ஊருக்குப் போகிற செய்தியைச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பும்போது அவர் கதவு சாத்தியிருந்தது. எங்கே போனாலும் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அதற்கென்று அவள் வீட்டு நிலைப்படியில் ஒரு ஆணியே இருந்தது. இந்தத் தடவை ஆணி வெறுமனே இருந்தது. மகளைப் பார்க்கிற அவசரத்தில் நம்மை மறந்துவிட்டார் என்று அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். கூடத்தில் மெழுகு உருக்கும்போதுகூட அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். மனத்தாங்கல் ஒரு கெட்ட சாமான். அது வந்து உட்கார்ந்துவிட்டால் வேறு யோசனைக்கு இடம் விடாது.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏதோ தட்டியது. லேசாகத்தான். பல்லக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் மொட்டிடம் ஓடினாள். அது மூடித்தான் இருந்தது. இந்தப் பூ விரியாமல் மணக்காது என்பது அவளுக்குத் தெரியும். கட்டடத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் இத்தனை வருஷம் ஒன்றுக்காகக் காத்திருப்பவளிடம் போய் அது இன்னும் வரவில்லை என்று அவள் மூளையே சொன்னாலும் அவள் கேட்பாளா? உள்ளே கசிய ஆரம்பித்திருக்கிறது என்று முடிவுகட்டினாள். குளியலறையில் நாற்றம் அதிகமாக இருந்தது. செடி இருப்பது அறையில். காற்று அந்தப் பக்கம் இழுக்கிறது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்தாள். அடுத்தடுத்த இரண்டு வீட்டுக் குளியலறை ஜன்னல்களும் ஒரே காற்றோட்டச் சந்துக்குள் திறப்பவை என்பது அவள் நினைவுக்கு வரவே இல்லை.

அன்றைக்கு அவள் மொட்டுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தாள். அந்த நாற்றத்தை இழுத்து இழுத்து முகர்ந்தாள். சந்தோஷமாக இருந்தாள். இதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக அவள் பல வருஷமாக இருந்ததில்லை.

மறுநாள் படிக்கட்டு வரை வந்துவிட்டது. செக்ரட்டரி கர்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அக்கா, தாங்கல. கீழ டீச்சர் வீட்டுல சாப்பிடவே முடியலயாம்."

"இன்னும் ரெண்டே நாள் பொறுத்துக்கங்க சார். அப்புறம் உங்க கையாலேயே தூக்கிப் போட்டுடுங்க."

"பூத்துடுச்சா?"

"பூத்துக்கிட்டே இருக்கு" என்றாள். பொய் சொல்கிறோம் என்று நினைத்துச் சொன்னதில்லை.

"வேற ஏதாவது இருக்குமோன்னு வாட்ச்மேன் சொல்றான். எலி, கிலி…"

"எலியெல்லாம் இல்ல சார். இது என் பூதான். எனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? செக்ரட்டரி நம்பிக்கொண்டு போனார். இவள் தன் பங்குக்கு ஈரத் துண்டை முறுக்கி வாசற்கதவின் அடியில் வைத்து அடைத்தாள், அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வேண்டாம் என்று. அடைத்தும் வெளியே நாற்றம் குறையவில்லை. துண்டு போதாது என்று போர்வையை வைத்தாள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் தோல்காரர் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போதெல்லாம், "சீக்கிரம் வந்து தொலைங்கண்ணா, விட்டுடப்போறீங்க" என்று அந்தக் கதவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு காலையில் அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது லிஃப்டிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். தோல்காரரின் மகள். புடவைத் தலைப்பால் மூக்கை மூடியிருந்தாள். அப்பா வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, இவளைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தாள்.

"பூ விரிஞ்சுடுச்சு போலிருக்கே அக்கா. அப்பா உள்ளதான் இருக்காரா? ஃபோனே எடுக்க மாட்டேங்கறாரு. எப்பவும் சார்ஜ் போட மறந்துடுவாரு, இருந்தாலும் மனசு கேக்கல, அதான் வந்தேன்."

பல்லக்கா சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். "உங்க வீட்டுலதானேம்மா இருக்காரு?"

"எங்க வீட்டுலயா?"

"உன்னப் பாக்க வரேன்னுதானே கிளம்பினாரு."

"இல்லையே அக்கா. கிளம்பறேன்னு சொன்ன அன்னிக்குக் காலைலயே ஃபோன் பண்ணி, பூவ விட்டுட்டு வந்தா கிடைக்காதாம், தங்கச்சி சொல்லுது, பாத்துட்டே வரேன்னாரே."

மகள் தலைப்பை மூக்கிலிருந்து எடுத்தாள். கதவைப் பார்த்தாள், பல்லக்காவைப் பார்த்தாள், பிறகு "அப்பா" என்று கூப்பிட்டபடி இரண்டு கையாலும் கதவை அறைய ஆரம்பித்தாள். சத்தம் கேட்டுக் கீழிருந்து ஆட்கள் ஏறி வந்தார்கள்.

வாட்ச்மேன் கடப்பாரை கொண்டுவந்தான். கதவு திறந்ததும் முன்னால் நின்ற செக்ரட்டரி பின்வாங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். போலீஸ் வரும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். பல்லக்கா போனாள். கட்டி வைத்த பை கட்டியபடி நாற்காலியில் இருந்தது. சமையல் மேடையில் டீ டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. அவள் கொடுத்த ரப்பர்க் கிண்ணத்தில், தண்ணீருக்குள், அவள் செய்த பல். அவர் குளியலறை வாசலில் கிடந்தார். அவள் பாயைப் போட்டுப் படுத்த இடத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

மாரடைப்பு, விழுந்ததுமே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாகச் செக்ரட்டரி வந்து சொன்னார். உயிரோடு மிச்சமிருப்பவர்களிடம் டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள் என்பது பல்லக்காவுக்குத் தெரியும். அவளைச் சும்மா விட்டிருக்கலாம். செக்ரட்டரி படியிறங்கப் போனவர் நின்றார்.

"நாங்க மூக்கப் பொத்திக்கிட்டு உங்கள நம்பினோம்கா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மகள் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்து வீட்டைக் காலிசெய்து பூட்டிவிட்டுப் போகும்போது மட்டும் இவள் வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். திறந்த கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் விரியவே இல்லையா?" என்றாள்.

பல்லக்கா இல்லை என்று தலையாட்டினாள். அந்த ஒரு தலையாட்டலில் அவள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டாள். மகளுக்கும் அது புரிந்தது. போய்விட்டாள்.

பூ அந்த வாரக் கடைசியில் விரிந்தது. பல்லக்கா வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தாள், முகத்தில் அறைந்தது. உள்ளே ஈரல் நிறத்தில் முறத்தைப்போல் விரிந்து நின்றுகொண்டிருந்தது, அவள் இத்தனை வருஷம் கேட்டது. நல்ல நாற்றம். அழுகின மீனும் புளித்துப்போன மாவும் சேர்ந்த மாதிரி காரமாக ஏறியது. அதற்கும் முன்பு அவள் முகர்ந்ததற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பச்சைக் குழந்தைகூடப் பிரித்துச் சொல்லிவிடும். அவள் இழுத்து இழுத்து முகர்ந்தது வேறு.

கைப்பையில் மெழுகு சீவும் கத்தி இருந்தது. எடுத்தாள். தண்டில் வைத்தாள். அவர் அதற்காகத்தானே ஊருக்குப் போகாமல் இருந்தார் என்று நினைத்தபோது வெட்டவும் கை வரவில்லை, அதைப் பார்க்கவும் கண் வரவில்லை. கத்தியைப் போட்டுவிட்டு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கதவின் அடியில் துண்டு வைக்கவில்லை. வாடை தன்பாட்டுக்கு வெளியே போயிற்று.

கொஞ்ச நேரத்தில் கீழே எங்கோ ஒரு கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"டீச்சர்? டீச்சர், இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன். மேல பாருங்க."

இன்னொரு கதவு. இன்னொன்று. படியில் ஆட்கள் ஓடும் சத்தம். "தாத்தா, ஒரு குரல் கொடுங்க." "சின்னவன் எங்க? ஸ்கூல்லேருந்து வந்துட்டானா?" மாடி மாடியாக ஏறி வந்தார்கள். யார் வாயிலும் பூ என்ற பேச்சே வரவில்லை. சின்ன எலி செத்த வாடைக்கும் செடியைத் திட்டிய கட்டடம், இப்போது பூவே பூத்து நாறும்போது ஆளைத் தேடிக்கொண்டு ஓடியது. இனி இந்தக் கட்டடத்தில் எது நாறினாலும் இப்படித்தான் ஓடுவார்கள் என்று பல்லக்காவுக்குத் தெரிந்தது.

மூன்றாம் மாடிக்கு வந்துவிட்டார்கள். அவள் கதவு அதிர்ந்தது. கணவன் போனதிலிருந்து தோல்காரரைத் தவிர வேறு யாரும், புகார் சொல்வதற்கு அல்லாமல், அவளைத் தேடி அந்தக் கதவைத் தட்டியதில்லை.

"அக்கா!" செக்ரட்டரியின் குரல். "அக்கா, உள்ள இருக்கீங்களா?"

பூதான் சார் என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. அந்தச் சொல்லை அவள் செலவழித்துத் தீர்த்துவிட்டாள். எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

"இருக்கேன்" என்றாள்.

அவர் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். அவளுக்குப் பின்னால் விரிந்து நின்றதைப் பார்க்கவே இல்லை. மூச்சு வாங்கியபடி தலையாட்டிவிட்டு, வந்த வேகத்தில் அடுத்த கதவுக்குப் போய்க் கையை ஓங்கினார். ஓங்கிய பிறகுதான் அது யார் வீட்டுக் கதவு என்று நினைவு வந்து, தட்டாமல் அப்படியே நின்றார்.